அரிச்சந்திரன் வாசலில் காட்ட வேண்டிய காகிதம்

தமிழகத்திலும் புதுவையிலும் மயானங்கள் பலவற்றின் நுழைவாயிலில் அரிச்சந்திரன் சந்நிதி ஒன்று இருக்கும். சில ஊர்களில் அது சிறு மண்டபம். சில ஊர்களில் ஒரு கல் மட்டுமே. பாடை அங்கே சிறிது நேரம் இறக்கி வைக்கப்படும். அரிச்சந்திர மகாராஜாவின் பெயரைச் சொல்லி அனுமதி வேண்டிய பிறகே உடல் உள்ளே செல்லும்.

இவ்வழக்கத்தின் மூலக்கதை பெரியோர் அனைவரும் அறிந்ததே. நாடிழந்து, மனைவியையும் மகனையும் பிரிந்து, காசி மயானத்தின் காவலனாக நின்றான் அரிச்சந்திரன். தர்ப்பை அறுக்கச் சென்ற லோகிதாசன் பாம்பு தீண்டி மாண்டான். அவனுடைய உடலைச் சுமந்துகொண்டு நள்ளிரவில் தன்னந்தனியாக வந்தாள் சந்திரமதி. கால் பணமும் முழத் துண்டும் தராமல் தகனம் செய்யலாகாது என்று காவலன் தடுத்தான். கிடப்பவன் தன் மகன் என்று தெரிந்த பிறகும் அவன் முறையை மாற்றவில்லை.

மயானத்துக்கு ஒரு முறை உண்டு; அதற்குக் காரணமும் உண்டு. அக்கினி ஏற்றதை யாராலும் மீட்க முடியாது. ஆகவே, இன்னார், இன்ன நேரத்தில், இன்ன காரணத்தால் காலமானார் என்பதை ஐயமின்றி நிலைநாட்டிய பின்னரே உடலைத் தீயிடம் ஒப்படைக்க வேண்டும். அரிச்சந்திரன் வாசலில் இன்று காட்ட வேண்டியது மருத்துவரின் சான்றையும் அதைத் தொடர்ந்து வரும் சில காகிதங்களையும்தான். துக்கத்தில் தத்தளிக்கும் வேளையில் இவை வெறும் தொல்லையாகத் தோன்றும். ஆனால், இவற்றில் நேரும் சிறு பிழை, உயிரோடு இருக்கும் துணையின் ஓய்வூதியத்தையே மாதக்கணக்கில் நிறுத்தி வைத்துவிடக் கூடும்.

உப்பளத்தில் ஒரு விடியற்காலை

புதுவை நகரின் தென்பகுதியான உப்பளத்தில் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பிறந்த பெரியவர் ஒருவர், நெடுநாள் இதய நோய்க்குப் பின், நள்ளிரவு கடந்து ஒன்றரை மணிக்கு இறைவனடி சேர்கிறார். மனைவி அருகில் இருக்கிறார். மகன் சென்னையில், மகள் பாரிஸில்.

உறவினருக்குச் செய்தி போகிறது. குளிர்பெட்டிக்கும் புரோகிதருக்கும் சொல்லி அனுப்புகிறார்கள். இவற்றோடு அப்பொழுதே செய்ய வேண்டிய வேலை, அவருக்குச் சிகிச்சை அளித்து வந்த மருத்துவரை அழைப்பதாகும். மருத்துவர் வந்து பார்த்து மரணத்தை உறுதி செய்து, அதன் காரணத்தை எழுதிச் சான்று தருவார். வீட்டில் நிகழும் மரணத்துக்குப் படிவம் 4ஏ, மருத்துவமனையில் நிகழும் மரணத்துக்குப் படிவம் 4 என்று சட்ட விதிகள் வகுத்துள்ளன. கடைசி நோயின்போது சிகிச்சை அளித்த மருத்துவர் இச்சான்றைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் விதி. 2023இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இச்சான்றின் பிரதி ஒன்று நெருங்கிய உறவினருக்கும் உரியது.

நோய்க் குறிப்புகளும் மருந்துச் சீட்டுகளும் ஒரே இடத்தில் இருந்தால் மருத்துவரின் வேலை எளிதாகும். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் ஊரில் இல்லையென்றால், வேறொருவர் அந்தக் குறிப்புகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். எந்தக் குறிப்பும் இல்லாத நிலையில் முன்பின் அறியாத ஒருவருக்குச் சான்றெழுத மருத்துவர் தயங்குவது நியாயமே.

மரணம் இயற்கையானதன்று என்ற நிலையில் வழி வேறு. விபத்து, தீக்காயம், விஷம், தற்கொலை, விலங்கால் நேர்ந்த மரணம், சந்தேகத்துக்குரிய மரணம் ஆகியவற்றில் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவாக உள்ளது. பாம்பு தீண்டிய லோகிதாசனின் மரணமும் இன்றாயின் இந்த விசாரணைக்கு உட்பட்டதே. வயது முதிர்ந்தவர் வழுக்கி விழுந்து, எலும்பு முறிந்து, சில நாள் கழித்துக் காலமானாலும் விசாரணை தேவைப்படலாம். இது குடும்பத்தின் மீது சாட்டப்படும் பழியன்று. விசாரணையும், தேவையெனில் உடற்கூறு ஆய்வும் முடிந்தபின், காவல்துறை தரும் கடிதத்தோடு உடலைப் பெற்றுத் தகனம் செய்யலாம். இதை மறைத்து அவசரமாகத் தீ மூட்டிவிட்டால், பின்னால் எழும் ஐயத்துக்கு விடை சொல்ல எதுவும் மிஞ்சாது.

உலகின் பிற பகுதிகளிலும் இதே எண்ணம்தான் சட்டமாயிற்று. தகனம் என்பதே வழக்கில் இல்லாதிருந்த பிரிட்டனில், 1884ஆம் ஆண்டு வேல்ஸ் பகுதியில் வில்லியம் பிரைஸ் என்ற மருத்துவர், இறந்துபோன தம் கைக்குழந்தையின் உடலை எரிக்க முயன்றார். அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. பிறருக்கு இடையூறின்றிச் செய்யப்படும் தகனம் குற்றமாகாது என்று நீதிபதி தீர்ப்பளித்தார். பின்னர் 1902இல் அங்கே தகனச் சட்டம் வந்தது. அதன் கீழ் ஏற்பட்ட விதிகள் மருத்துவரின் சான்றைக் கட்டாயமாக்கின.

ஒரு கணம், இரண்டு நாட்கள்

உப்பளத்து வீட்டில் இப்பொழுது ஒரு கேள்வி எழுகிறது. பெரியவர் காலமானது எந்தத் தேதி? முதல் நாள் இரவு என்பார் ஒருவர். மறுநாள் என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் பொருள் உண்டு. நமது மரபில் நாள் என்பது சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயத்தில் முடிகிறது. அரசின் கணக்கிலோ நள்ளிரவு 12 மணிக்கே தேதி மாறிவிடுகிறது.

இக்குழப்பத்துக்குப் புதுவையோடு தொடர்புள்ள புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. மகாகவி பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தவர். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் வசித்த இல்லம் இன்று நினைவில்லமாக விளங்குகிறது. கருவடிக்குப்பத்துச் சித்தானந்த சுவாமிகள் கோயிலையும் அவர் பாடியிருக்கிறார். பின்னர்ச் சென்னை திருவல்லிக்கேணிக்குச் சென்ற அவர், 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் இரவு கழிந்து, ஒன்றரை மணியளவில் உயிர் நீத்தார். உடல் கிருஷ்ணாம்பேட்டை மயானத்தில் தகனம் செய்யப்பட்டது. மக்கள் வழக்கில் அவருடைய நினைவு நாள் செப்டம்பர் 11. தமிழக அரசும் 2021இல் அந்த நாளையே மகாகவி நாள் என்று அறிவித்தது. ஆனால், சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவில் உள்ள தேதி செப்டம்பர் 12. நூறு ஆண்டுகள் கடந்தும் எது சரி என்ற பேச்சு ஓயவில்லை.

மகாகவியின் விஷயத்தில் இது அறிஞர்களின் விவாதமாக நின்றது. சாதாரணக் குடும்பத்தில் இதே வேறுபாடு பெரும் அலைச்சலாக முடியும். மருத்துவர் 12 என்று எழுதி, வீட்டார் பழக்கத்தால் 11 என்று படிவத்தில் நிரப்பினால், ஒரே மனிதருக்கு இரண்டு இறந்த தேதிகள் உண்டாகிவிடும். காப்பீட்டு நிறுவனமும் வங்கியும் ஓய்வூதிய அலுவலகமும் விளக்கம் கேட்கும். எனவே அரசுப் படிவத்தில் நள்ளிரவுக்குப் பிந்தைய நேரமாயின் மறுதேதியைத்தான் எழுத வேண்டும்.

பிதுர்காரியத்துக்கான கணக்கு இதனால் பாதிக்கப்படுவதில்லை. ஆண்டுதோறும் செய்யும் சிராத்தத்துக்குத் தமிழ் மாதம், பட்சம், உயிர் பிரிந்த கணத்தில் இருந்த திதி ஆகியவையே ஆதாரம். சில குடும்பங்களில் நட்சத்திரத்தைக் கொள்வதும் உண்டு. திதி பகலிலோ இரவிலோ எந்த நாழிகையிலும் மாறக் கூடியது. ஆதலால் புரோகிதருக்கு வேண்டியது சரியான நேரம். மருத்துவரின் சான்றிலோ தேதியோடு மணியும் நிமிடமும் எழுதப்படுகின்றன. ஆகவே பதிவாளரிடம் கொடுப்பதற்கு முன் அச்சான்றைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அரசுக்குத் தேதி தருகின்ற அதே காகிதம்தான், பேரப்பிள்ளைகள் காலத்திலும் தாத்தாவின் திதியைச் சரியாகக் காட்டித் தரும்.

மயானத்தில் தரும் ரசீது

நகரின் பல பகுதிகளிலிருந்தும் கருவடிக்குப்பம் மயானத்துக்கு உடல்களைக் கொண்டு செல்கின்றனர். எந்த மயானமாயினும், மருத்துவரின் சான்று அல்லது மருத்துவமனையின் கடிதம், காலமானவரின் ஆதார் பிரதி, பொறுப்பேற்று வருபவரின் அடையாள அட்டை ஆகிய மூன்றையும் ஒரு உறையில் இட்டுக் கையில் வைத்திருப்பது நலம். கொள்ளி வைப்பவர் நீராடி ஈர ஆடையோடு கர்மாவில் நிற்பார். அவர் கையில் காகிதத்தைத் தரலாகாது. நிதானமுள்ள உறவினர் ஒருவரை இதற்கென்றே நியமித்துவிடுவது சிறந்தது.

மயானத்தில் பெயர், வயது, முகவரி முதலியவற்றைப் பதிவேட்டில் எழுதி, ரசீது தருவார்கள். பணம் கட்டியதற்கான துண்டுச் சீட்டு என்று எண்ணி இதைத் தொலைத்துவிடுவோர் பலர். தகனம் நடந்ததற்கு அதுவே சான்று. இறப்பைப் பதிவு செய்யும்போதும், அஸ்தியை விமானத்தில் காசிக்கோ ராமேசுவரம் செல்லும் வழிக்கோ எடுத்துச் செல்லும்போதும் அது உதவும்.

மயானத்தின் பொறுப்பாளரும் தம்மிடம் நிகழும் தகனங்களைப் பதிவாளருக்குத் தெரிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர். அதனால் குடும்பத்தின் கடமை தீர்ந்துவிட்டதாகக் கருதக் கூடாது. வீட்டில் நிகழ்ந்த மரணத்தைப் பதிவு செய்விக்க வேண்டியது வீட்டாரே.

பதினாறும் இருபத்தொன்றும்

பதிவுக்கான காலக்கெடு, உயிர் பிரிந்த நாளிலிருந்து 21 நாட்கள். அதற்குள் தெரிவித்தால் கட்டணம் இல்லை. தகவல் தந்தவருக்கு ஒரு சான்றிதழ் இலவசமாகவும் கிடைக்கும். பத்தாம் நாள், பதின்மூன்றாம் நாள், பதினாறாம் நாள் என்று அவரவர் குல வழக்கப்படி காரியங்கள் நிறைவேறிய பின்னும் ஐந்து நாட்கள் மிஞ்சியிருக்கும். கடைசி நாள் வரை காத்திருக்காமல், பத்தாம் நாளுக்குள் தகவல் தந்துவிடுவது மனநிம்மதி தரும்.

21 நாட்கள் கடந்து 30 நாட்களுக்குள் என்றால் தாமதக் கட்டணம் உண்டு. 30 நாட்களுக்கு மேல் ஓராண்டுக்குள் என்றால் உரிய அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி தேவை. ஓராண்டும் கடந்துவிட்டால் நிர்வாக நடுவரின் உத்தரவு வேண்டும். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் இதற்கு நீதித்துறை நடுவரிடம் செல்ல வேண்டியிருந்தது.

எங்கே பதிவு செய்வது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். மரணம் எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவு. வசித்த ஊரோ தகனம் நடந்த ஊரோ கணக்கில் வராது. உப்பளத்து வீட்டில் காலமானால் புதுச்சேரி நகராட்சியில் பதிவாகும். கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையில் காலமானால் உழவர்கரை நகராட்சிக்குச் செல்ல வேண்டும். சென்னையில் மகன் வீட்டில் காலமாகி, உடலைப் புதுவைக்குக் கொணர்ந்து தகனம் செய்தாலும், பதிவு சென்னையில்தான். மருத்துவமனையில் நிகழும் மரணத்தை அந்த மருத்துவமனையே பதிவாளருக்குத் தெரிவிக்கும். அவர்கள் அனுப்பும் விவரத்தில் பெயரும் முகவரியும் சரியாக உள்ளனவா என்று அங்கிருந்து புறப்படுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும்.

யாத்திரை செல்லும் அன்பர்கள் இன்னொன்றையும் அறிந்திருத்தல் வேண்டும். ஓடும் வாகனத்தில் ஒருவர் காலமானால், வாகனத்தின் பொறுப்பாளர், முதலில் நிற்கும் இடத்தில் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. சொந்த ஊர் வந்து சேரட்டும் என்று மறைத்துக் கொண்டுவருவது பின்னர்ச் சிக்கலையே தரும்.

கொள்ளி வைக்கும் உரிமை பற்றி ஒவ்வொரு குலத்திலும் ஒவ்வொரு வழக்கம் உண்டு. பதிவாளரிடம் தகவல் தருவதற்கு அத்தகைய கட்டுப்பாடு கிடையாது. வீட்டில் உடனிருந்த மனைவியோ மகளோ தாராளமாகச் சென்று தெரிவிக்கலாம். நோயின் பெயர் சான்றிதழில் அச்சாகி ஊரார் அறிய நேருமோ என்ற அச்சமும் வேண்டாம். மரணத்தின் காரணம் பதிவேட்டுக்கு மட்டுமே உரியது. குடும்பத்தார் பெறும் சான்றிதழில் அதை வெளியிடக் கூடாது என்று சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது.

இரண்டு எழுத்துக்கூட்டில் ஒரு பெயர்

புதுவை 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு இணைந்தது. சட்டப்படியான முழு இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது. இணைப்புக்கு முன் பிறந்தவர்களின் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் பதிவாயின. முருகன் என்ற பெயரில் ஆங்கிலத்தில் ‘யூ’ வரும் இடத்தில் பிரெஞ்சில் ‘ஓ, யூ’ என்று இரண்டு எழுத்துகள் வரும். ராமசாமிக்கு ஆங்கிலத்தில் ஒரு ‘எஸ்’, பிரெஞ்சில் இரண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், ஆதாரில் இன்னொரு விதமாகவும், வங்கிக் கணக்கில் தந்தை பெயரின் முதலெழுத்தோடு வேறு விதமாகவும் இருப்பது புதுவைப் பெரியவர்களிடையே வியப்புக்குரியதன்று.

சங்கல்பத்தில் கோத்திரமும் பெயரும் சொன்னால் பித்ருக்கள் ஏற்பர். அலுவலகங்களோ ஓரெழுத்து மாறினாலும் இவரும் அவரும் ஒருவரே என்பதற்குச் சான்று கேட்கும். ஆதலால் இறப்பைப் பதியும்போது, ஓய்வூதியப் புத்தகத்திலும் வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் உள்ள பெயர்களை ஒப்பிட்டு, எந்த வடிவம் பெரும்பாலான ஆவணங்களில் உள்ளதோ அதையே தருவது நல்லது. பிழை நேர்ந்துவிட்டால் திருத்தவும் வழி உண்டு. சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, மூலப் பதிவை அழிக்காமல், அதன் ஓரத்தில் திருத்தத்தை எழுதிப் பதிவாளர் ஒப்பமிடுவார். ஆனால், அதற்குச் சான்றுகளும் அலைச்சலும் தேவை. கையெழுத்திடுவதற்கு முன் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கும் இரண்டு நிமிடம் அவ்வளவையும் மிச்சப்படுத்தும்.

பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களும், பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய ‘சொல்தா’க்களின் குடும்பங்களும் புதுவையில் இன்றும் உள்ளன. அத்தகையோர் உள்ளூர்ப் பதிவை முடித்த பின், சான்றிதழோடு புதுவையிலுள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்கும் தெரிவித்து, பிரெஞ்சுப் பதிவிலும் அதை ஏற்றிக்கொள்ள வேண்டும். துணைவருக்கு உரிய ஓய்வூதியம் இருந்தால் அதற்கும் இதுவே முதற்படி.

இறப்புச் சான்றிதழ் கிடைத்ததும் சில பிரதிகளைச் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்வது உதவும். குடும்ப ஓய்வூதியம், வங்கி, காப்பீடு, குடும்ப அட்டை, மின் இணைப்பு, வருவாய்த்துறை தரும் வாரிசுச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றுக்கும் அது தேவைப்படும். இவற்றில் துணைவரின் ஓய்வூதியத்தை முதலில் முடிக்க வேண்டும். மாதம் பிறந்தால் மருந்துக்கும் அரிசிக்கும் பணம் வேண்டியவர் அவரே. மற்றவை ஒரு மாதம் காத்திருக்கும்.

பூஜை அறை அலமாரியில் ஓர் உறை

இவற்றையெல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுதல் இயல்பு. ஆயினும் பிள்ளைகள் கடல் கடந்து வாழும் காலம் இது. மரணத்தைப் பற்றிப் பேசுவது அமங்கலம் என்று தயங்கவும் வேண்டியதில்லை. காசிக்குச் சென்று முக்தியை வேண்டுபவரும், திருக்காஞ்சியில் சங்கராபரணி நதிக்கரையில் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்பவரும் அந்த நினைவோடுதான் செல்கின்றனர். காஞ்சிபுரத்தில் தனிக்கோயில் கொண்டிருக்கும் சித்திரகுப்தரை வணங்கும் அன்பர்களுக்குக் கணக்கைச் சரியாக வைத்திருப்பதும் தர்மமே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆதார், பிறப்புச் சான்றிதழ், ஓய்வூதியப் புத்தகம், வங்கிப் புத்தகம், காப்பீட்டுப் பத்திரம், மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றின் பிரதிகளை ஓர் உறையில் இட்டு வைக்கலாம். சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பெரிய எழுத்தில் அதன் மேல் இருக்கட்டும். குலம், கோத்திரம், தாய் தந்தையர் திதி ஆகியவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சேர்க்கலாம்; பல வீடுகளில் இவை ஒருவர் நினைவில் மட்டுமே உள்ளன, அவரோடு போய்விடுகின்றன. பெயரில் வேறுபாடு இருந்தால், உரியவர் உயிரோடு இருக்கும்போது திருத்துவதே எளிது. உறை இருக்கும் இடத்தைத் துணைவரும், அருகில் வசிக்கும் உறவினர் ஒருவரும் அறிந்திருக்க வேண்டும்.

அன்று காசி மயானத்தின் வாசலில், மகனை இழந்து நின்ற சந்திரமதியின் கையில் கால் பணம் இல்லை. பரமேசுவரனே தோன்றி அவள் துயர் தீர்த்தான். இன்று அந்த வாசலில் நிற்கப் போகும் முதிய மனைவியின் கையில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துச் செல்லுதல், கணவர் அவருக்குச் செய்யும் கடைசி உபகாரமாகும்.